நானூற்றுப் பன்னிரண்டாவது காற்று

தங்கபுஷ்பத்தின் சைக்கிளில் விழுந்த விரிசலிலிருந்து காற்று வரத் தொடங்கிய அன்று எங்கள் கிணத்தடிச் சந்தில் கரண்ட் இல்லை, அதனால் அதை நாங்கள் யாரும் அதிசயமாக எடுத்துக்கொள்ளவில்லை, உபகாரமாகத்தான் எடுத்துக்கொண்டோம். தூத்துக்குடியில் ஆனி மாதப் புழுக்கத்தில் கரண்ட் போன வீட்டில் இருக்கிறவன் காற்று எங்கிருந்து வருகிறது என்று கேட்க மாட்டான், எந்தப் பக்கம் பாயைப் போடலாம் என்றுதான் கேட்பான். அப்படித்தான் தலையணையும் கையுமாக, தூக்கம் கலையாத முகமுமாக, நாங்கள் ஒவ்வொருவராக அவள் வீட்டு வாசலுக்கு வந்து சேர்ந்தோம். யாரும் யாரையும் எதுவும் கேட்கவில்லை.

சைக்கிள் என்றால் பால்காரர் ஓட்டுகிற சைக்கிள் இல்லை, கார்பன் சைக்கிள், பிரேமை மட்டும் தூக்கினால் ஒரு கொத்துக் கறிவேப்பிலையைத் தூக்கின மாதிரிதான் இருக்கும். அதில் வாரம் தவறாமல் திருச்செந்தூர் வரை போய்விட்டு வருவது எட்டு வருஷமாகத் தங்கபுஷ்பத்தின் வழக்கம். ஒருநாள் சிலிண்டர் போடுகிறவர் உருட்டிவிட்ட கேஸ் சிலிண்டர் ஒன்று வழி மாறிப் போய், சீட்டுக்கும் ஹேண்டில்பாருக்கும் நடுவே இருக்கிற மேல் குழாயில் மோதியது. வெளியே பார்த்தால் ஒரு நகக்கீறல், அவ்வளவுதான். இரும்பாக இருந்தால் நெளிந்திருக்கும், தட்டி நிமிர்த்திக்கொள்ளலாம். கார்பன் நெளியாது, உள்ளே உடைந்துவிட்டு வெளியே ஒன்றும் நடக்காத மாதிரி நிற்கும். எங்கள் சந்தில் அப்படி இரண்டு மூன்று மனிதர்களே இருக்கிறார்கள்.

“வித்துருங்கக்கா,” என்றார்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் அவளோடு ஓட்டுகிறவர்கள். “ஒருதடவ விரிசல் விட்டுட்டுன்னா பிறகு நம்பி உக்கார முடியாது. சக்கரம் கியரெல்லாம் கழத்தி வச்சிக்கிட்டு வெறும் பிரேம மதுரைல ஒரு கடைல தள்ளிருவோம்.” இல்லை, ஒட்டுகிற ஆட்கள் இருக்கிறார்கள், ஒட்டினால் புதுசை விடப் பலம் என்றும் ஒருவர் சொன்னார். தங்கபுஷ்பம் இரண்டு நாள் யோசித்தாள், சக்கரங்களைக் கழற்றினாள், பிரேமை மட்டும் முன்னறைச் சுவரில் இரண்டு ஆணிகளில் மாட்டினாள். மூன்றாம் நாள் விடிகாலை ஐந்தேகாலுக்கு, அவள் வழக்கமாகச் சைக்கிளை வெளியே எடுக்கிற அதே நேரத்தில், அந்தக் கீறல் வழியே காற்று வந்தது.

முதலில் முள்ளக்காட்டு உப்பளத்து வாடை வந்தது, பிறகு பழையகாயல் சகதி, பிறகு ஆத்தூர் வெற்றிலைக் கொடிக்காலின் ஈரக் குளிர்ச்சி, அதற்குள் ஒரு டீ மாஸ்டரின் குரல், “என்னக்கா, இன்னைக்கு இஞ்சி டீயா?” என்று. தங்கபுஷ்பம் சுவரைப் பிடித்துக்கொண்டாள். அது போன ஞாயிற்றுக்கிழமை அவள் முகத்தில் அடித்த காற்று. எவ்வளவு நேரம் எதிர்காற்றில் மிதித்தாளோ அவ்வளவு நேரம் வீசிவிட்டு நின்றது. மறுநாள் அதே நேரத்துக்கு அதற்கு முந்தின ஞாயிறு வந்தது, அதற்கு மறுநாள் அதற்கும் முந்தினது, இப்படி அந்தச் சைக்கிள் எட்டு வருஷம் குடித்த காற்றையெல்லாம் நாளுக்கு ஒன்றாக, கடைசியிலிருந்து முதலை நோக்கி, வெளியே விட ஆரம்பித்தது.

இந்தக் கணக்கைக் கண்டுபிடித்தவர் எதிர் வீட்டு வேலாயுதப்பெருமாள். சர்வேயராக இருந்து ஓய்வு பெற்றவர், அளக்க ஒன்றும் இல்லாமல் வீட்டில் மனைவி சப்பாத்தியை அளந்துகொண்டிருந்தவருக்கு இது பெரிய ஆறுதலாகப் போயிற்று. தங்கபுஷ்பத்தின் போனில் அவள் ஓட்டின ஒவ்வொரு நாளும் தேதி, நேரம், காற்று, மழையோடு பதிந்து கிடந்தது, மொத்தம் நானூற்றுப் பதினொரு சவாரி. அவர் அதைத் தலைகீழாக எழுதி எடுத்துக்கொண்டார், சந்து முனையில் ஒரு கரும்பலகையை மாட்டினார், தினமும் சாயங்காலம் சாக்பீஸால் மறுநாள் காற்றை எழுதிப் போட்டார். “நாளை: வாடைக்காற்று, இரண்டே முக்கால் மணி நேரம், தூறல் உண்டு. வடகம் போட வேண்டாம்.” சந்தே அந்தப் பலகையைப் பார்த்துத்தான் துணி துவைத்தது, கருவாடு காயப்போட்டது, பிள்ளைகளுக்குத் தலைக்கு ஊற்றியது. ரேடியோவில் சொல்லுகிற வானிலை ஒருநாள் பலிக்கும் ஒருநாள் பலிக்காது. வேலாயுதப்பெருமாள் சொன்னது ஒருநாளும் தப்பவில்லை, நடந்து முடிந்ததை முன்கூட்டிச் சொல்லுகிறவருக்கு ஏன் தப்பப் போகிறது.

ஒரு மாதம் போன பிறகு தங்கபுஷ்பம் பிரேமை ஒரு போர்வையில் சுற்றி எடுத்துக்கொண்டு திரேஸ்புரம் கடற்கரைக்குப் போனாள். அங்கே கஸ்பார் என்று ஒருவர் பைபர் வள்ளங்களுக்கு ஓட்டை ஒடசல் ஒட்டுகிறவர், பாறையில் மோதிப் பிளந்த வள்ளத்தைக் கண்ணாடி இழை மேட்டும் ரெசின் பசையுமாக ஒட்டி மறுபடி கடலுக்கு அனுப்புகிற கை. வள்ளத்தை ஒட்டுகிற கைக்கு ஒரு சைக்கிள் குழாய் எம்மாத்திரம் என்று நினைத்தாள். கஸ்பார் சட்டைப்பையிலிருந்து ஒரு காசை எடுத்துக் குழாயின் மேல் தட்டிக்கொண்டே வந்தார், டிங் டிங் என்று கேட்டது விரிசல் கிட்டே வந்ததும் டொக் என்றது. பிறகு உள்ளங்கையை அதன் மேல் வைத்தார், வைத்த கையை எடுக்கவில்லை.

“தங்கச்சி, இது வாடைக்காத்துல்லா,” என்றார். “கார்த்திகைல அடிக்க வேண்டியது. ஆடி மாசத்துல எங்க இருந்து வருது?”

“உள்ள இருந்துதான்ண்ணே. தினமும் ஒண்ணு வருது. நீங்க ஒட்டிருவீங்களா?”

“ஒட்டலாம். ஆனா மூச்சு விட்டுக்கிட்டு இருக்கதப் போயி நான் எப்படிம்மா அடைக்க? விட்டு முடிக்கட்டும், கொண்டாங்க.” கொஞ்சம் யோசித்துவிட்டுப் பென்சிலை எடுத்து விரிசலின் இரண்டு நுனியிலும் ஒரு கோடு போட்டார். “எதுக்கும் வாரா வாரம் வந்து பாக்கேன். காத்து வர வர இது நீளும்.”

அவள் ஒட்டாமல் திரும்பி வந்ததில் சந்துக்கு ரொம்ப சந்தோஷம். அதற்குள் எங்களுக்கு அந்தக் காற்று பழகிப்போயிருந்தது. அடுத்த வீட்டு ஜெயக்கொடி, மாவரைத்து விற்கிறவள், வாய் திறந்தால் யாரையாவது ஏசுவதற்குத்தான் திறப்பாள் என்று பெயர் எடுத்தவள், ஒருநாள் விடிகாலை அந்த விரிசலிலிருந்து யாரோ மெல்லப் பாடிக்கொண்டே வாசல் தெளிக்கிற சத்தத்தைக் கேட்டாள். “யாருட்டி அது, குரல் நல்லாருக்கு?” என்றாள். தங்கபுஷ்பம் சிரித்தாள். “நீதான்க்கா. நாலு வருசத்துக்கு முன்னால. நான் சைக்கிள எடுக்கப்போ தெளிச்சிக்கிட்டு இருந்த.” ஜெயக்கொடி அன்று முழுவதும் யாரையும் ஏசவில்லை. தான் பாடுவோம் என்பதே அவளுக்கு மறந்துபோயிருந்தது. மறுநாளிலிருந்து மாவரைக்கும்போது பாடினாள், ஏசவும் செய்தாள், இரண்டும் மாறி மாறி நடந்தது.

கொரோனாக் காலத்து நாட்கள் வந்தபோது மட்டும் எங்களுக்கு ஏமாற்றம். அப்போது வெளியே போகக்கூடாது என்பதால் அவள் வீட்டுக்குள்ளேயே சைக்கிளை ஒரு தாங்கியில் நிறுத்தி, முன்னால் ஃபேனை வைத்துக்கொண்டு நாற்பது நாள் மிதித்திருக்கிறாள். நாற்பது நாளும் விரிசல் வழியே ஃபேன் காற்று வந்தது, கூடவே ரசம் தாளிக்கிற வாசனையும் டிவி சீரியல் அழுகையும். ஃபேன் காற்று நம் வீட்டில் இல்லையா என்று நாங்கள் பாயைச் சுருட்டிக்கொண்டு போய்விட்டோம். வேலாயுதப்பெருமாள் மட்டும் கடமை தவறாமல் பலகையில் “நாளையும் ஃபேன்” என்று எழுதிக்கொண்டிருந்தார்.

விஷயம் வெளியே பரவி முள்ளக்காட்டிலிருந்தும் ஆத்தூரிலிருந்தும் ஆட்கள் தங்கள் ஊர்க் காற்றைக் கேட்க வந்தார்கள், குற்றாலத்திலிருந்து ஒரு ஓட்டல்காரர் காரில் வந்தார். வரவேற்பு அறையில் மாட்டிவைக்கப் பிரேமை அப்படியே வாங்கிக்கொள்வதாகச் சொன்னார், கேட்டது கொடுப்பதாகவும் சொன்னார். தங்கபுஷ்பம் வாய் திறப்பதற்குள் அவளுடைய அம்மா கனியம்மாள் சமையலறையிலிருந்தபடியே, “காத்தையும் சேத்தா?” என்று கேட்டாள். ஆமாம், காற்றுக்காகத்தான் என்றார் அவர். “அப்பம்னா குடுக்கதுக்கு இல்ல,” என்றாள் கனியம்மாள். மனிதர் காபி குடித்துவிட்டுப் போனார்.

அவள் ஏன் இல்லை என்றாள் என்று சந்தில் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. போனில் பதியாத சவாரி ஒன்று உண்டு. நானூற்றுப் பதினொன்றுக்கும் முந்தினது, முதல் சவாரி. அதில் இசக்கிராஜா இருக்கிறான்.

இசக்கிராஜா தங்கபுஷ்பத்தின் தம்பி, சரக்குக் கப்பலில் எஞ்சின் அறையில் வேலை. அவள் கல்யாணம் முறிந்து வீட்டுக்கு வந்து, இரண்டு வருஷம் சந்து முனையைத் தாண்டாமல் உட்கார்ந்திருந்த காலத்தில், அவன் ஏதோ ஒரு தேசத்துத் துறைமுகத்தில் இந்தக் கறுப்புப் பிரேமை வாங்கிப் போர்வையில் சுற்றிக் கைப்பிள்ளையைப் போலத் தூக்கிக்கொண்டு வந்தான். சைக்கிளே ஓட்டத் தெரியாத முப்பத்தைந்து வயது அக்காவுக்கு இது எதற்குடா என்று கனியம்மாளே திட்டினாள். அவன் கேட்கவில்லை. ஆடி மாதம் ஒரு சாயங்காலம் அக்காவையும் சைக்கிளையும் லோடு ஆட்டோவில் ஏற்றி உப்பளத்துச் சாலைக்குக் கொண்டுபோனான். சீட்டைப் பிடித்துக்கொண்டு பின்னால் ஓடினால் அவள் திரும்பித் திரும்பிப் பார்த்து விழுந்தாள், அதனால் முன்னால் போய், அவள் முகத்தைப் பார்த்தபடியே பின்பக்கமாக ஓடினான். மேற்கிலிருந்து அடிக்கிற கச்சான் காற்று அவன் முதுகில் பட்டு அவன் சொன்னதையெல்லாம் வாரிக்கொண்டு வந்து அவள் முகத்தில் போட்டது. உப்புக் குவியல்கள் முடிகிற இடம் வரைக்கும் அவன் ஓடினான், அவள் விழாமல் வந்தாள்.

அதற்கப்புறம் இருபதாம் நாள் அவன் கப்பலேறினான். நான்காம் மாதம் கப்பல் முழுகிவிட்டது என்று போன் வந்தது. ஆள் வரவில்லை, உடம்பும் வரவில்லை. தங்கபுஷ்பம் அழுதுகொண்டே சைக்கிளை எடுத்தவள் நிறுத்தவேயில்லை, ஓட்டி ஓட்டித்தான் எழுந்து நின்றாள், ரத்தம் பரிசோதிக்கிற லேபில் வேலைக்குச் சேர்ந்தாள், தெருவில் நிமிர்ந்து நடந்தாள். கனியம்மாள் ஒரே ஒரு நாள் அழுதாள். மறுநாளிலிருந்து அவளுக்கு ஒரு பழக்கம் வந்தது, ஒவ்வொரு தடவையும் மூச்சை இரண்டு முறையாக இழுத்தாள். கேட்டவர்களிடம், “ஒண்ணு எனக்கு, ஒண்ணு அவனுக்கு. தண்ணிக்குள்ள அவனுக்கு யாரு குடுப்பா?” என்றாள். டாக்டர் நெஞ்சைப் படம் எடுத்துப் பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்றார். எட்டு வருஷமாக அவள் அப்படித்தான் இரண்டு பேருக்கும் மூச்சு விட்டாள், பேசுவதற்கு நேரம் போதாமல் பேச்சைக் குறைத்துக்கொண்டாள். எங்களுக்கும் அது பழகிப்போய்விட்டது.

இப்போது காற்றுகள் ஒவ்வொன்றாகக் கழிந்து அந்த முதல் சவாரியை நோக்கிப் போய்க்கொண்டிருந்தன. கஸ்பாரும் வாரா வாரம் வந்து பென்சில் கோடு போட்டார். விரிசல் நகக்கீறலாக இருந்தது விரல் நீளம் ஆயிற்று, பிறகு குழாயைச் சுற்றிக்கொண்டு வளையல் போல வளர்ந்தது. பங்குனியில் ஒருநாள் அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுச் சொன்னார்: “இப்படியே போனா ஆடிக்கு விரிசல் விடாம ஒரு விரக்கடைதான் மிச்சம் இருக்கும். கடைசிக் காத்து வந்தா அதுவும் போயிரும், ரெண்டு துண்டு. அதுக்குப் பிறகு நான் ஒட்டினாலும் சொவத்துல மாட்டத்தான் ஆகும், ஏறி உக்காரப்படாது. ஓட்டணும்னு இருந்தா அந்தக் கடைசிக் காத்த உள்ள வச்சி அடைக்கணும்.”

ஆகவே விஷயம் இவ்வளவுதான் என்று வேலாயுதப்பெருமாள் எல்லாருக்கும் விளக்கினார். வந்த காற்று திரும்ப வருவதில்லை. திறந்துவிட்டால் இசக்கியை ஒரே ஒரு தடவை கேட்கலாம், சைக்கிளும் போகும் அவனும் போவான். அடைத்தால் சைக்கிள் ஓடும், அவன் உள்ளேயே இருப்பான், ஒருநாளும் கேட்க முடியாது. சந்து இரண்டாகப் பிரிந்தது. “பெத்தவ ஒருதடவ கேக்காண்டாமா? சைக்கிள் என்ன பெரிய சைக்கிள்?” என்றாள் ஜெயக்கொடி. கேட்டுவிட்டு மறுநாள் என்ன செய்வாள் என்றார்கள் மற்றவர்கள். தண்ணீர் பிடிக்கிற இடத்தில், சலூனில், சர்ச் வாசலில், எங்கேயும் இதே பேச்சு. ஒட்டுவதா விடுவதா என்று முடிவு செய்ய வேண்டிய தங்கபுஷ்பம் மட்டும் இந்தப் பேச்சு வந்தால் எழுந்து உள்ளே போனாள்.

தங்கபுஷ்பம் அந்த ஒரு வருஷத்தில் மெலிந்திருந்தாள். சவாரி இல்லை, ஞாயிற்றுக்கிழமை ஆட்கள் வந்து கூப்பிட்டுக் கூப்பிட்டு அலுத்துப்போனார்கள், வேறு சைக்கிள் தருகிறோம் என்றதற்கும் அவள் சம்மதிக்கவில்லை. வேலைக்கு ஆட்டோவில் போனாள், ஆட்டோவில் வந்தாள், வந்து பிரேமுக்கு எதிரே உட்கார்ந்தாள். அவளிடம் ஒரு ரகசியம் இருந்தது, அதை யாரிடமும் சொல்ல முடியாமல் வைத்துப் புழுங்கினாள். ஆடி பிறந்து இன்னும் பத்துக் காற்றுகள் மிச்சமிருந்தபோது, அம்மா சமையலறையில் சாளை மீனைச் செதில் போக்கிக்கொண்டிருந்த நேரத்தில், பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

“யம்மா, ஒண்ணு சொல்லுதேன், மனசுல வச்சிக்காத.”

“சொல்லு.”

“அந்தக் காத்துல உன்னப் பத்தி ஒரு வார்த்தகூட இல்லம்மா. அன்னைக்கு முழுக்க அவன் என்னையத்தான் பேசுனான். கீழ பாக்காத, பிரேக்கப் பிடிக்காதன்னு. அம்மான்னு ஒருதடவகூடச் சொல்லல. நீ ஆசையாக் காத்துக்கிட்டு இருக்க. கேட்டுட்டு ஏமாந்துருவியேன்னுதான் எனக்குப் பயம்.”

கனியம்மாள் மீனைக் கீழே வைத்தாள். இரண்டு முறை மூச்சை இழுத்தாள். பிறகு, எங்களுக்கெல்லாம் பக்கத்து வீட்டுச் சுவர் வழியாகக் கேட்கிற அளவுக்கு, சிரித்தாள்.

“ஏட்டி, இதத்தான் ஒரு வருசமா வயித்துக்குள்ள வச்சிக்கிட்டு வெந்துக்கிட்டு கெடந்தியா? அவன் என்னைய என்னத்தச் சொல்லணும்? அவன் ரேஷன் கடைல சண்ட போட்ட சத்தமா இருந்தாலும் எனக்குப் போதும்ட்டி.” சிரிப்பு அடங்கினதும் மகளை மேலும் கீழும் பார்த்தாள். “அது கெடக்கட்டும். நீ சந்து முக்கத் தாண்டி எத்தன மாசமாச்சி?”

“தினமும் வேலைக்குப் போறேன்லா?”

“ஆட்டோ போகுது. நீ எங்க போற?”

தங்கபுஷ்பம் தரையில் சிதறிக் கிடந்த செதில்களைக் கூட்டி அள்ளினாள்.

“அவன் இத எதுக்குத் தூக்கிட்டு வந்தான்? மூலைல கெடக்குதவ வெளிய போகணும்னுதான? இப்பம் அவனக் கேக்கணும்னு நீ மறுபடி மூலைல வந்து உக்காந்தா, அவன் என்னையத்தான் கேப்பான், நீ என்னத்தப் பாத்துக்கிட்டு இருந்தேன்னு.” மீனைத் திரும்ப எடுத்துக்கொண்டாள். “கஸ்பார்ட்டச் சொல்லி அடைச்சிரு. நான் கேக்காட்டி என்ன. உள்ள இருக்காம்னு தெரிஞ்சாப் போதும்.”

சொல்லிவிட்டாளே தவிர, அன்றைக்கு அவள் சோறு சாப்பிடவில்லை. மகளும் சாப்பிடவில்லை. சாளைக் குழம்பு ஜெயக்கொடி வீட்டுக்கு வந்தது.

நானூற்றுப் பதினோராவது காற்று, அதாவது அவளுடைய இரண்டாவது சவாரி, ஒரு வெள்ளிக்கிழமை காலை வந்து நின்றது. சரியாக ஒரு விரக்கடை மிச்சம். மறுநாள் முற்பகலே கஸ்பார் தன் டப்பாக்களோடு வந்து எங்கள் சந்தில் சாக்கை விரித்து உட்கார்ந்தார், முதல் சவாரி சாயங்காலம் போனது, அதனால் அது வர சாயங்காலம் வரை அவகாசம் இருந்தது. உப்புத்தாளை வைத்து விரிசலைச் சுற்றிப் பெயின்டைத் தேய்த்து எடுத்தார். வரவழைத்து வைத்திருந்த கறுப்புக் கார்பன் துணியைப் பட்டை பட்டையாக நறுக்கி, ரெசினில் தோய்த்து, ஒன்றின் மேல் ஒன்றாக, காலில் சுளுக்குக் கட்டுப் போடுகிற மாதிரி சுற்றிக்கொண்டே போனார். மேலே பிளாஸ்டிக் தாளை இறுக்கிக் கட்டினார். சந்து முழுவதும் வேலை வெட்டியை விட்டுவிட்டுப் பார்த்துக்கொண்டு நின்றது. கனியம்மாள் மட்டும் வெளியே வரவில்லை. சாயங்காலம் ஐந்து மணி ஆயிற்று, காற்று வரவில்லை. ஒருவரும் இன்னொருவரைப் பார்க்காமல் வீட்டுக்குப் போனோம்.

ஒரு வாரம் வெயிலில் காய்ந்த பிறகு கஸ்பார் வந்து தாளை உரித்தார், உப்புத்தாளால் தேய்த்தார், காசால் தட்டினார். டிங் டிங் என்று குழாய் முழுவதும் ஒரே சத்தம். தங்கபுஷ்பம் கட்டின இடத்தைத் தடவிக்கொண்டே போனவள் அடிப்பக்கத்தில் கையை நிறுத்தினாள்.

“என்னண்ணே இது, ஓட்டை?”

மிளகு அளவில் ஒரு துளை, அதில் சின்ன ரப்பர் அடைப்பான் ஒன்று. கஸ்பார் குனிந்து பார்த்தார், பார்த்ததும் நெற்றியில் அடித்துக்கொண்டார். “மாதாவே! கை தானா விட்டுட்டும்மா. வள்ளத்துக்கு அடில ஒண்ணு விடுவோம், கரையேறினதும் தண்ணி வடியணும்லா. முப்பது வருசமா விட்ட கை. இதுக்குத் தண்ணி எங்க இருக்கு, நான் ஒரு மடையன்.” சந்தில் ஒரே சிரிப்பு. சைக்கிளைக் கடலில் இறக்கப் போகிறாரா என்று ஒருவர் கேட்டார், வலையையும் ஏற்றிவிடலாமே என்றார் இன்னொருவர். கஸ்பாருக்குக் காது சிவந்துபோனது. “இப்பமே அடைச்சித் தாரேன், ரெண்டு நிமிசம்,” என்று ரெசின் டப்பாவைத் திறந்தார்.

“அடைக்காத,” என்ற சத்தம் கேட்டது. கனியம்மாள் வாசலில் நின்றாள். “கஸ்பாரு, அந்தத் தக்கையப் புடுங்கினா விரிசல் விடுமா?”

கஸ்பார் யோசித்தார். அவர் முகம் மெதுவாக மாறியது. “விடாதும்மா. விரிசல்ல வந்தாத்தான் பிச்சிக்கிட்டு வரும். இதுல அளவா வரும். வேணுங்கப்போ மூடிக்கிடலாம்.”

அதற்கு மேல் அந்த மனிதரை யாரும் கேலி செய்யவில்லை. வேலாயுதப்பெருமாள் மட்டும் தன் பங்குக்கு ஒரு எச்சரிக்கை சொன்னார். இனி ஓட்டினால் புதுக் காற்று மேலே சேரும், இசக்கியின் காற்று அடியில் போய்விடும், கேட்பதாக இருந்தால் சக்கரம் உருளுவதற்கு முன்னால் கேட்டுவிட வேண்டும் என்றார். அன்றைக்கே தங்கபுஷ்பம் சக்கரங்களை மாட்டினாள், சங்கிலிக்கு எண்ணெய் விட்டாள். ஒரு நட்டு இரண்டு தடவை நழுவி உருண்டு சாக்கடைப் பக்கம் போயிற்று, ஜெயக்கொடி எடுத்துக் கொடுத்தாள்.

ஐந்து மணிக்குக் கனியம்மாள் முக்காலியைப் போட்டு உட்கார்ந்தாள். தங்கபுஷ்பம் சைக்கிளைப் பிடித்துக்கொண்டாள். நாங்கள் சுற்றி நின்றோம், குக்கர் வைத்திருந்தவர்கள் அடுப்பை அணைத்துவிட்டு வந்திருந்தார்கள். கிழவி குழாயின் அடிப்பக்கம் காதைக் கொண்டுபோனாள், நகத்தால் அடைப்பானை நெம்பி எடுத்தாள்.

முதலில் உப்பு வாசனை வந்தது. பிறகு சாலையில் செருப்பு அடிக்கிற சத்தம், தட் தட் தட் என்று. பிறகு அவன். பக்கத்தில் நின்ற எங்களுக்குத் துண்டு துண்டாகத்தான் கேட்டது. “கீழ பாக்காத... என்னையப் பாருக்கா... நான் முன்னாலதான ஓடுதேன்... ஆங், அப்படித்தான்... பிரேக்கப் பிடிக்காத...” வார்த்தைக்கு வார்த்தை நடுவில் அவனுக்கு இரைத்தது, பின்பக்கமாக ஓடுகிறவனுக்கு இரைக்கத்தானே செய்யும், ஹா ஹா என்று வாய் திறந்து இழுத்து இழுத்து விட்டான். தங்கபுஷ்பம் ஹேண்டில்பாரில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு அழுதாள். அவன் இன்னும் பேசிக்கொண்டிருக்கும்போதே கனியம்மாள் பெருவிரலால் துளையை மூடினாள், அடைப்பானைத் தேடி எடுத்துச் செருகினாள், இன்னொரு முறை அழுத்திப் பார்த்தாள்.

“மூச்சு வாங்குது,” என்றாள்.

மகள் பக்கம் திரும்பினாள்.

“கேட்டியாட்டி? எம்பிள்ளைக்கு மூச்சு வாங்குது. நல்லா வாய் கொள்ளாம வாங்குது.” முகமெல்லாம் கண்ணீராகச் சிரித்தாள். பிறகு நிமிர்ந்து உட்கார்ந்து மூச்சை இழுத்தாள், விட்டாள். நாங்கள் வழக்கம்போல இரண்டாவதுக்குக் காத்திருந்தோம். வரவில்லை. மறுபடியும் ஒன்று இழுத்தாள், ஒன்று விட்டாள், எட்டு வருஷத்துக்கப்புறம் தன் மூச்சைத் தான் மட்டும் விட்டாள்.

“இன்னும் கேளும்மா,” என்றாள் தங்கபுஷ்பம். “இன்னும் நெறைய இருக்கு. உப்புக் குவியல் முடியுதது வரைக்கும் ஓடினான்.”

“இருக்கட்டும். எல்லாத்தையும் கேட்டுட்டா அவன் நிப்பாட்டிருவாம்லா.” முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள், முக்காலியை ஓரமாக வைத்தாள், சைக்கிளை ஒருதரம் பார்த்தாள், மகளை ஒருதரம் பார்த்தாள். “அவன் ஓடிக்கிட்டு இருக்கான். நீ என்னத்துக்கு நிக்க? போ.”

தங்கபுஷ்பம் காலைத் தூக்கிப் போட்டு ஏறினாள். கச்சான் காற்று மேற்கேயிருந்து சந்துக்குள் நுழைந்து நேராக அவள் முகத்தில் அடித்தது. முதல் மிதியில் கொஞ்சம் ஆடினாள், ஜெயக்கொடி “யாத்தே” என்றாள், அதற்குள் நேராகிவிட்டாள். கரும்பலகையைத் தாண்டினாள், சந்து முனையைத் தாண்டினாள். திரும்பிப் பார்ப்பாள் என்று நாங்கள் எல்லாரும் முனைவரைக்கும் ஓடிப்போய் நின்றோம். அவள் திரும்பியும் பார்க்கவில்லை, கீழேயும் பார்க்கவில்லை.